கடைசிப் பத்து நிமிடம்

டேய், "நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. இங்கே காலை எட்டு மணி, நான் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். அங்கே உனக்கு இன்னும் சனிக்கிழமை முடியவில்லை. உன் யுனிவர்சிட்டி டீம் அன்றைக்கு ஜெயித்திருந்தது. ஜெயித்தவன் முகமா அது? அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊர்க்காரர்களோடு பெரிய மேட்ச், வருஷம் முழுக்க எல்லோரும் காத்திருப்பதே அதற்குத்தான் என்று சொல்லிக்கொண்டே இடது கைக் கட்டைவிரல் நகத்தைக் கடித்தாய். இன்னும் ஆறு நாள் இருக்கிறது. இப்போதே நகத்தைத் தின்று தீர்த்துவிட்டால் சனிக்கிழமைக்கு என்ன வைத்திருப்பாய் என்று கேட்டேன். அப்பா பின்னாலிருந்து சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

அந்த விளையாட்டே எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அதற்குப் பெயர் ஃபுட்பால். தலையில் இரும்புச் சட்டி மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு முட்டிக்கொள்கிறார்கள், உடனே நிறுத்திவிட்டு மாநாடு போடுகிறார்கள். நீ சொன்னாய் என்று ஒரு நாள் விடியற்காலை எழுந்து நானும் அப்பாவும் பார்த்தோம். அப்பா பதினைந்தாவது நிமிடத்தில் குறட்டை. நான் மட்டும் கடைசிவரை பார்த்தேன். ஆட்டத்தை அல்ல, அங்கே உட்கார்ந்திருந்த ஜனங்களை. முகத்தில் சாயம் பூசிக்கொண்ட ஒரு தாத்தா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். கபாலீஸ்வரர் சந்நிதியில் நிற்பவர் மாதிரியே இருந்தார். ஊர் எதுவானால் என்ன, இந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது உன் அறைத் தோழன் பிரபு நடுவில் தலையை நீட்டினான் இல்லையா? மதுரைக்காரப் பையன், வாய் சும்மா இருக்காது. "ஆன்ட்டி, இவன் கதை தெரியுமா உங்களுக்கு? ரெண்டு வருஷமா சீசன் டிக்கெட் வாங்குறான். ஒரு மேட்ச் கூட முழுசாப் பாத்ததில்ல. கடைசிப் பத்து நிமிஷம் வெளிய போயி கார் நிறுத்துற எடத்துல நின்னுக்குவான். இவன் உள்ள இருந்தா தோத்துருவோமாம். நாங்களும் 'டேய், மணியாச்சு, கெளம்பு'ன்னு தொரத்தி விட்டுருவோம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான், என் கையிலிருந்த காபி ஆடை கட்டிப் போயிருந்ததைப் பார்த்தேன். உனக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ "விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். சனிக்கிழமைக்கு முன்னால் படித்துவிடு.

நேரே சொல்லாமல் சுற்றி வளைக்கிறாளே என்று நினைப்பாய். பழக்கம். முதலில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, இது உனக்கு மட்டும் வந்த வியாதியா, ஊரெல்லாம் இருக்கிறதா என்று. திங்கட்கிழமையிலிருந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாடி வீட்டு மாமியைக் கேட்டேன். "அதை ஏன் கேக்கறே போ. எங்காத்துல மேட்ச் வந்துடுத்துன்னா நான் மொட்டை மாடிக்குப் போயிடணும். நான் துணி காயப் போட்டுண்டு இருக்கறச்சேதான் சிக்ஸர் அடிக்கறான்னு மாமா கண்டுபிடிச்சிருக்கார். காஞ்ச துணியையே மறுபடி நனைச்சுக் காயப் போட்டிருக்கேன், தெரியுமோ?" என்றாள். கோபமாகச் சொல்கிறாளோ என்று பார்த்தால், ஒரே பெருமை. மாட வீதியிலிருந்து வரும்போது ஆட்டோக்காரரைக் கேட்டேன். "இன்னாம்மா இப்டி கேட்டுக்கினே? எல்லாத்துக்கும் ஒண்ணு கீது. நான் ஃபைனல் அன்னிக்கு சவாரியே ஏத்த மாட்டேன். வண்டில மீட்டர் ஓடுச்சுன்னா அவனுக்கு ரன்னு ஓடும். நமக்கு இன்னாத்துக்கு வம்பு?" என்றார். மந்தைவெளி வந்து இறங்கிய பிறகும் அவருடைய தியரி முடியவில்லை.

மாம்பலம் ஸ்டேஷன் கவுண்டரில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தே முப்பது வருஷத்தை ஓட்டியவள் நான். கூட்டத்தின் படபடப்பைக் கம்பி வலைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தது போல வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ரயில் தாமதம் என்று அறிவித்தவுடன் ஜனங்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? பிளாட்பாரத்தின் விளிம்புக்குப் போய்க் கழுத்தை நீட்டித் தண்டவாளத்தைப் பார்ப்பார்கள். ஒருவர் பார்த்துவிட்டு வந்தால் அடுத்தவர் போய்ப் பார்ப்பார். எட்டிப் பார்ப்பதால் ரயில் ஒரு நிமிடம் முன்னால் வந்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனாலும் பார்ப்பார்கள். ஏனென்றால் மனசு பறக்கிறது, கைக்கும் காலுக்கும் வேலை இல்லை. விளையாடுகிறவனுக்குப் பந்து இருக்கிறது, அவன் தப்பித்தான். பார்க்கிறவனுக்கு எதுவுமில்லை. அதனால் தனக்கென்று ஒரு வேலையை உண்டாக்கிக்கொள்கிறான். ஒருவன் அதே சட்டையைப் போடுகிறான், ஒருவன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான், மாமி துணி காயப் போடுகிறாள். நீயும் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டாய். ஆனால் மற்றவர்களெல்லாம் ஆட்டத்தோடு ஒட்டிக்கொள்கிற வேலையைத் தேடிக்கொள்ள, நீ மட்டும் எழுந்து வெளியே போகிற வேலையை எடுத்திருக்கிறாய். அதை நீ தேடிக்கொள்ளவில்லை. நான் கொடுத்தேன்.

சரவணன் நம் வீட்டில் இருந்த மூன்று வருஷம் உனக்கு நினைவிருக்கும். என் அக்கா மகன், கோவில்பட்டியிலிருந்து இங்கே காலேஜில் படிக்க வந்தவன், ஹாலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு உன்னை வயிற்றில் உட்கார வைத்துக் கதை சொன்னவன். அவன் காலேஜ் ஃபுட்பால் டீமின் கோல்கீப்பர். உனக்கு அவன்தான் சாமி. அவனுடைய பழைய கிளவுஸை மாட்டிக்கொண்டு, மணிக்கட்டில் அது நிற்காமல் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு, குளியலறைக் கதவின் முன்னால் நிற்பாய். உள்ளே இருக்கும் அப்பா வெளியே வர முடியாது. கோல் விடக் கூடாதாம்.

காலேஜ்களுக்கு நடுவே நடந்த போட்டியின் இறுதியாட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் சரவணனின் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் நம் வீட்டுக்கு வந்தார்கள். டீமில் ஆடுகிறவர்கள் இரண்டு பேர்தான், மீதியெல்லாம் மேளம் அடித்துக் கத்துகிற பட்டாளம். சாதாரண நாளில் ஒவ்வொருவனும் எட்டுத் தோசை உள்ளே தள்ளுவான். நானும் இரண்டு படி மாவு அரைத்து வைத்திருந்தேன். அன்றைக்கு ஒருவனும் ஒரு தோசையைத் தாண்டவில்லை. "இன்னாடா, சாப்பிடல?" என்று ஒருவன் கேட்க, "நீ மட்டும் துன்னியா மச்சி?" என்று இன்னொருவன் தட்டைத் தள்ளி வைத்தான். ஆட்டத்தில் இறங்கப் போகிற சரவணன் நிம்மதியாக மூன்றாவது தோசைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தான், மேளம் அடிக்கப் போகிறவன் மேளத்தின் வாரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அது அப்போதே வேடிக்கையாக இருந்தது. யாராவது "இன்னைக்கு கப்பு நமக்குதான்" என்று சொல்ல வாயெடுத்தால் மற்றவன் பாய்ந்து வாயைப் பொத்தினான். கிளம்பும்போது கபாலி கோயில் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவோம், அரையிறுதிக்கும் அப்படித்தான் போனோம் என்றார்கள். நீயும் கூட வருவேன் என்று அழுதாய். போன மேட்ச்சுக்கு உன்னை அழைத்துப் போகவில்லையே, இப்போது புதிதாக ஒருத்தனைச் சேர்த்தால் ஏதாவது ஆகுமோ என்று ஒருவன் இழுத்தான். சரவணன்தான், "என் தம்பிடா அவன்" என்று உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

அந்தப் பட்டாளத்தின் பைத்தியம் எனக்கும் தொற்றிக்கொண்டதை ஒத்துக்கொள்கிறேன். நானும் உங்களோடு மைதானத்துக்குக் கிளம்பி வந்துவிட்டேன். முதல் பாதியில் கோல் கிடையாது. இரண்டாம் பாதியில் நம்மவர்கள் ஒன்று போட்டார்கள், எதிராளி ஒன்று போட்டான். உட்கார முடியவில்லை. கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது உன் கையைப் பிடித்துக்கொண்டு சரவணன் நின்ற கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே போகக் கூடாது என்று யாரோ சொன்னார்கள், என் காதில் விழவில்லை. நீ உன் வாட்டர் பாட்டிலை அண்ணனுக்குக் கொடுக்க வேண்டும் என்று நீட்டிக்கொண்டே நின்றாய். எதிராளி ஒருவன் இடது ஓரமாகத் தனியாக ஓடி வருவது எனக்குத் தெரிந்தது. சரவணன் அவனைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. கவுண்டரில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்துக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. "சரவணா! அந்தப் பக்கம் பாருடா!" என்று கத்திவிட்டேன். அவன் என் பக்கம் திரும்பினான். பந்து உள்ளே போய்விட்டது.

இப்போது நன்றாகப் படி. கத்தியது நான். நீ வாயே திறக்கவில்லை. பாட்டிலை நீட்டியபடி நின்றாய், அவ்வளவுதான். ஆனால் மொத்த மைதானமும் நம்மைத் திரும்பிப் பார்த்தது. மேளம் நின்றது. அந்தப் பையன்கள் கம்பத்துக்குப் பின்னால் ஓடி வந்து, "யாரு கூப்ட்டது? யாரு?" என்று கேட்டார்கள். நாற்பது வயதுப் பெண்பிள்ளை, சம்பாதிக்கிறவள், அந்தக் கேள்விக்குப் பயந்துவிட்டேன். உன் கையை உதறிவிட்டு, "இவனைக் கூட்டிட்டு வந்திருக்கவே கூடாது. ராசியில்லாத பய. வந்து நின்னதும் போச்சு பாரு" என்று சொன்னேன். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. காலையிலேயே சந்தேகப்பட்டவன் தலையில் அடித்துக்கொண்டான். உன்னை வெளியே அழைத்துப் போங்கள், ஒரு கோல் திருப்பிப் போட்டுவிடலாம் என்றார்கள். நான் உன்னைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். உனக்கு அப்போது ஒன்பது வயது. உன் கடைசிப் பத்து நிமிடம் அங்கே ஆரம்பித்தது. நீ வெளியே நின்றும் நாங்கள் தோற்றோம், அதை யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நீ அழவில்லை. அதனால் நான் மறந்துவிட்டேன். இல்லை, மறந்தது போல இருந்தேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னைக் கடைக்குக் கூப்பிட்டார். தி. நகரில் நம் பட்டன், லைனிங் துணிக் கடை ஷட்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் கைதான் முதலில் பட வேண்டும். நீ நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அது வழக்கம். உன் கை பட்டால் போணி சீக்கிரம் ஆகிறது என்று அப்பா பக்கத்துக் கடைக்காரர்களிடம் பீற்றிக்கொள்வார். அன்றைக்கு நீ வர மாட்டேன் என்றாய். அடுத்த வாரமும் வரவில்லை. அதன்பின் ஒருபோதும் நீ அந்த ஷட்டரைத் தொடவில்லை. டிவியில் கார்ட்டூன் பார்க்கிற சோம்பேறித்தனம் என்று அப்பா திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். கடைக்கு உன்னால் கெடுதல் வரக் கூடாது என்று ஒன்பது வயதுப் பிள்ளை தள்ளி நின்றிருக்கிறான், நான் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று, நீ ஆஸ்பத்திரி மாடிக்கு வரவே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆஸ்பத்திரிக்கு எதிரேயிருந்த பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாய். ஜன்னல் வழியாக உன் நீலச் சட்டை தெரிந்தது. போன் செய்தால், "இங்கயே இருக்கேம்மா, முடிஞ்சதும் சொல்லு" என்றாய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெற்ற அப்பன் உள்ளே கிடக்கிறார், இவனுக்கு மாடி ஏற வலிக்கிறதா என்று அக்காவிடம் சொல்லி அழுதேன். அப்பா கண் விழித்து, "எங்க அவன்?" என்று கேட்டபோது, "உங்க பிள்ளை பஸ் ஸ்டாப்ல காத்து வாங்குறான்" என்றேன். ஆறு வருஷமாக அதை மனசில் வைத்துக்கொண்டுதான் உன்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிரபு சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா பிழைக்க வேண்டும் என்று நீ வெளியே போய் உட்கார்ந்திருக்கிறாய். அவ்வளவு பெரிய காரியம் செய்தவனை நான் ஆறு வருஷமாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று சரவணனுக்குப் போன் செய்தேன். தலையில் வழுக்கை விழுந்து, இரண்டு பெண் பிள்ளைகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறான். அந்த இறுதியாட்டம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "அது எப்படி சித்தி மறக்கும்? நீங்க பின்னாலருந்து கூப்பிட்டீங்க, நான் திரும்பிட்டேன்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க கூப்பிட்டதுக்காக நான் ஏன் சித்தி திரும்பணும்? கோல்கீப்பர் திரும்பலாமா? என் தப்பு அது" என்றான். உன்னைப் பற்றிக் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி அங்க நின்னானா? எனக்கு ஞாபகமே இல்லையே. காலைல தோள்ல தூக்கிட்டுப் போனது ஞாபகம் இருக்கு. நல்லா இருக்கானா?" கோல் வாங்கியவனுக்கே நீ அங்கே நின்றது தெரியவில்லை. நீ மட்டும் இருபது வருஷமாக அந்தக் கோலைச் சுமந்துகொண்டு வாசலுக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடக்கிறாய்.

அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிவியை அணைத்துவிட்டுக் கடைச் சாவிக்கொத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரும் ராசி பார்க்கிற வியாபாரிதானே, எந்த வாயால் திட்டுவார்? கடைசியில், "தைக்கு வர்றானில்ல, ஷட்டரை அவனே தூக்கட்டும். அன்னிக்கு ஒரு பட்டன்கூட விக்கலைன்னாலும் பரவால்ல" என்றார். ஒரு பட்டன்கூட விற்காத நாளை அப்பா வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை.

படபடப்பை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அது நல்ல பொருள். நமக்கு ஒரு காசு பிரயோஜனமில்லாத ஒரு ஆட்டத்துக்காக எண்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் சாப்பிட முடியாமல் தவிக்கிறார்கள் என்றால், அதில் என்னவோ இருக்கிறது. அது என்ன என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். நீ அங்கே இருக்கிறாய், பார்த்துச் சொல். கடைசிப் பத்து நிமிடத்தில் அந்தக் கூட்டம் என்ன செய்கிறது? கத்துகிறதா, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா? முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக்கொள்கிறார்களா? அந்தச் சாயம் பூசிய தாத்தா கண்ணைத் திறக்கிறாரா? இரண்டு வருஷமாக டிக்கெட் வாங்கியும் உன்னால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பிரபுவைக் கேட்டால் சொல்வான், ஆனால் எனக்கு நீ பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதனால் சனிக்கிழமை உன் இடத்தைவிட்டு எழுந்திருக்காதே. கால் தானாக எழுந்திருக்கும், கூட்டாளிகள் மணியைக் காட்டுவார்கள், எனக்குத் தெரியும். நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள். ஜெயித்தால் அதற்கு நீ காரணமில்லை, ரொம்ப ஆடாதே. தோற்றால், மற்றவர்கள் முகத்தைப் பார்க்காமல் உடனே எனக்குப் போன் செய். இங்கே எத்தனை மணியாக இருந்தாலும் எடுப்பேன். "அம்மா, தோத்துட்டோம். நான் உள்ளதான் இருந்தேன்" என்று சொல். நான் "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்பேன்.

அம்மா